மேற்குக் காற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல்

என் கணவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்தும் குடிவரவு விசாரணைகளிலிருந்தும் அழைப்பு வரும். சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கொடுப்பார். அந்த வேலையால் எங்கள் வீட்டில் பகல் முழுவதும் கிறைண்டர் போடக் கூடாது, பலமாக இருமக் கூடாது. ஐம்பத்தொரு வயதில் நான் வயலின் பழகத் தொடங்கியபோது, அது எங்கே போகும்? கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குத்தான் போயிற்று. யாரோ ஒருவருடைய போர்வைகள் சுழன்றுகொண்டிருக்க, இரண்டு வருடம் அங்கே நின்று பழகினேன். அவர் ஒருநாளும் இறங்கி வந்து கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. வாயால் சொல்லவில்லை. இதையும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ற வீம்பு எனக்கு.

ஏப்ரலில் எங்கள் முதியோர் சங்கத்தின் ஒன்றுகூடலில் எங்கள் வயலின் வகுப்பு வாசிக்க ஏற்பாடாயிற்று. பெயர் வசந்த விழா. வெளியே வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் கறுத்த பனி இன்னும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது, அது வேறு விஷயம். திரையில் வசந்தத்தைப் பற்றிய பழைய இத்தாலிய ஓவியம் ஒன்று. திரைக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர், முந்நூறு வருடத்துக்கு முன் இன்னோர் இத்தாலியர் வசந்தத்துக்கென்றே எழுதிய இசை. அதன் நடுவில் மெதுவான ஒரு பகுதி உண்டு. மர நிழலில் ஓர் இடையன் தூங்குகிறான், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்தை நான் தனியாக வாசிக்க வேண்டும். எங்கள் ஆசிரியை, இங்கே பிறந்த பிள்ளை, பக்கத்தில் நின்று வியோலா என்ற பெரிய வயலினில் அவனுடைய நாயாகக் குரைப்பார்.

படத்துக்குத் தமிழில் விளக்கம் சொல்ல என் கணவரைக் கேட்டேன். மண்டபத்தில் வேலை இருந்தால் அவர் மண்டபத்தில் இருப்பார், இருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

கேட்டதுதான் தாமதம், இரண்டு கிழமை வீட்டில் வேறு பேச்சில்லை. வசந்தம் வடசொல்லாம், ஆகவே இளவேனில். மூன்று பெண்கள் கைகோத்து ஆடுகிறார்களே, அவர்கள் அழகியரா அணங்குகளா என்று மூன்று நாள் யோசித்தார். நடுவில் சங்கத் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, உடுப்பு கொஞ்சம் மெல்லிசாக் கிடக்கு” என்று கவலைப்பட்டதில், ஆடுகிற மூவருக்கும் இடுப்புக்குக் கீழே ஒரு வீடு விற்பனை முகவரின் விளம்பரம் ஒட்டப்பட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

சண்டை வந்தது படத்தின் வலப்பக்க மூலையில்தான். அங்கே நீலம் பாரித்த ஒருவன் கன்னத்தை ஊதிக்கொண்டு பறந்து வந்து ஒரு பெண்ணைப் பிடிக்கிறான். அவன் மேற்குக் காற்றுக்குத் தேவன். அவன் தொட்டதும் அவள் வாயிலிருந்து பூக்கள் உதிர, அவளே பூக்களின் தெய்வமாகிவிடுகிறாள். இதைக் காதல் என்று என் கணவர் எழுதி வைத்திருந்தார். அவள் கத்தத்தான் வாயைத் திறந்தாள் என்று எனக்குப் பட்டது.

“தென்றல் எண்டு போடுங்கோவன். எல்லாருக்கும் விளங்கும்” என்றேன்.

“தென்றல் தெற்கிலையிருந்து வாறது. உது மேற்குக் காத்து. அதுக்கு எங்கடை சொல் கச்சான். அகராதியிலை கிடக்கு.”

அகராதியில் கிடக்கிறதுதான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர்.

“அந்தச் சனத்துக்குக் கச்சான் எண்டால் கொறிக்கிற கச்சான்தான்.”

“தெரியாட்டித் தெரியப்படுத்த வேணும்” என்றார். அவருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவதைவிடச் சுவருக்குச் சொல்லலாம்.

விழா அன்றைக்கு இசையின் முதல் பகுதி பிழையில்லாமல் போயிற்று. பிறகு அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிற குரலில் வாசித்தார்: “வலப்பக்கத்தில் பறந்து வருபவர் கச்சான். கச்சான் தீண்டியதும் இப்பெண்ணின் வாயிலிருந்து மலர்கள் சொரிகின்றன.”

பின்வரிசையில் யாரோ ஓர் அங்கிள் மரியாதையாகக் கேட்டார்: “அண்ணை, வறுத்ததோ, அவிச்சதோ?”

மண்டபம் குலுங்கிற்று. பிளேன்ரீக் கோப்பைகளோடு வந்த அன்ரி தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்தான் என் இடையன் தூங்க வேண்டும். “அன்ரி, ஜஸ்ட் ஸ்டார்ட்” என்றார் ஆசிரியை. தொடங்கினேன். கோபத்தில் என் வில் நேராக ஓடிற்று. நாலாவது வரியில் சிரிப்பு அடங்கி, முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடினார். நான் என் கணவரைத் தேடினேன். அவர் பின்கதவடியில் அந்த அங்கிளைப் பிடித்துவைத்து, இந்தக் கையை மேற்கென்றும் அந்தக் கையைத் தெற்கென்றும் நீட்டிக் காற்றுகளை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். முதுகு எனக்கு. கடைசிச் சுரம் வரைக்கும் அவர் திரும்பவில்லை.

காரில் வரும்போது, “நல்லா வாசிச்சனீர்” என்றார். நான் பதில் சொல்லியிருந்தால் நெடுஞ்சாலையில் இறங்கியிருப்பேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைத் தேநீர் முடிந்ததும் அவருடைய தொலைபேசியை எடுத்து அணைத்தேன். “இதிலை இருங்கோ” என்று ஒரு கதிரையை இழுத்து வைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம்” என்றுவிட்டு வாசித்தேன். நாய் இல்லை, மற்ற வயலின்கள் இல்லை, சுழலும் போர்வைகளும் இல்லை. இடையன் மட்டும். இரண்டு நிமிடம், கொஞ்சம் கூட இருக்கலாம்.

அவர் கைகளை முழங்காலில் வைத்து என்னைப் பார்த்தபடி இருந்தார். முடிந்ததும், “இது எப்ப பழகினீர்?” என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

“ரெண்டு வருசம்.”

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “இன்னொருக்கா வாசியும்” என்றார்.

“ஏலாது” என்றேன். ஏலும். கை நோகவும் இல்லை. இரண்டு வருடம் அவர் கேட்க வேண்டுமென்று காத்திருந்த எனக்கு, அவர் கேட்டதும் சந்தோசம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவர் எழும்பவில்லை, அந்தக் கதிரையிலேயே இருந்தார்.