தாடையில் கேட்ட பேஸ்

மாரீஸ்வரி இன்றும் பேஸ் கிதாரின் கட்டையைத் தாடையில் அழுத்திக்கொண்டுதான் வாசிப்பார். கச்சேரி பார்க்க வந்தவர்கள் அவர் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்பார்.

அந்தப் பழக்கம் முதல் கிதாரோடு வந்தது. ராஜபாளையத்தில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடம் அதை வாங்கினார். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது பேசாது என்று விற்றவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் நாள் முழுக்க ஓடின. கம்பியை எப்படி மீட்டினாலும் காதில் விழவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் கிதார்மேல் தலையைக் கவிழ்த்தபோது கட்டை தாடையில் பட்டது. எலும்பு வழியாக ஒவ்வொரு சுரமும் கேட்டது. இரண்டு வருஷம் அப்படியே பழகினார்.

பிறகு ஆவுடையப்பன் நடத்திய மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார். முதல் கச்சேரி ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். பாட்டின் நடுவில் மின்சாரம் போய், மைக், கீபோர்டு, ரிதம் பேட், பேஸின் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒன்றாக அடங்கின. பாடகி நிறுத்திவிட்டார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் பேஸ் ஒலியில் மண்டபம் அதிர்ந்தது. சரணத்தின் இரண்டாம் வரியில் பேஸ் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் அவசரமாக அதோடு சேர்ந்துகொண்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் ஆவுடையப்பன் கேட்டார்: "ஏட்டி, கரண்டு போனது உனக்குத் தெரியவே இல்லையா?"

"தெரிஞ்சுது அண்ணாச்சி. நான் கிதார் படிக்கையில மட்டும் அதுக்குக் கரண்டா இருந்துச்சு?"