இலையோரம் வந்து உட்கார்ந்த வால்காக்கை

வெள்ளிமலையில் நானும் என் கணவரும் டீக்கடை வைத்திருந்தோம். தினமும் காலையில் காட்டிலிருந்து ஒரு வால்காக்கை வரும். செம்பழுப்பு உடம்பு, நீண்ட வால், பயமே கிடையாது. "இன்னா தொர, இன்னிக்கி லேட்டு?" என்பார் அவர். அவர் கையிலிருந்தே வடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். வேறு யார் நீட்டினாலும் வராது.

போன வருஷம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். கருமாதியன்று கடைக்கூரை ஓரத்தில் இலை போட்டுப் படையல் வைத்து, காக்கை வந்து எடுக்கட்டும் என்று காத்திருந்தோம். முதலில் வந்தது அந்த வால்காக்கைதான். இலையோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"அது காக்கா இல்ல அண்ணி, வெரட்டுங்க. எச்சி பண்ணிடப் போவுது" என்றார் மணலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த கொழுந்தனார். நானே துண்டை வீசி விரட்டினேன். பிறகு காக்கை வந்து சோற்றை எடுத்தது. "அண்ணன் சாப்ட்டாரு" என்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் கூரை ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைத் தேடி வந்ததை அல்லவா துரத்திவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு வால்காக்கை வரவேயில்லை. இப்போது அமாவாசைப் படையலுக்கு எந்தப் பறவை வந்தாலும் நான் விரட்டுவதில்லை. காலையில் முதல் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிறேன். "அது இனிமே வராதுங்க, டீ போடுங்க" என்கிறார்கள் கடைக்கு வருகிறவர்கள். வடை ஆறிய பிறகுதான் உள்ளே போகிறேன்.