அண்ணன் வைத்துவிட்டுப் போன ஊசி அளவு

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அண்ணன் கையில் வைத்திருப்பது என்ன என்று கேட்காதவர்கள் குறைவு. அச்சகத்தில் படத்தை வாங்கிப் பார்த்தவர், "ஏனுங்க, இது கொசு மருந்து அடிக்கிற மிசினுங்களா?" என்றார். துக்கத்துக்கு வந்திருந்த எங்கள் சித்தப்பா, அப்போதே வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்து, ஏதோ தண்ணீர் மோட்டாரின் உதிரிப் பாகம் என்று எண்ணிக்கொண்டே ஊருக்குப் போய்விட்டார். அது ஒரு எஞ்சின். உள்ளங்கையில் அடங்கிவிடும். பொம்மை விமானத்தின் மூக்கில் பூட்டிப் பறக்கவிடுவது.

ஓராண்டு நிறைவு அழைப்பை அனுப்பியபோது நான் முந்திரிக்கொட்டையாக ஒரு வாக்கும் கொடுத்திருந்தேன். அண்ணன் கடைசியாகத் திருகி வைத்த அளவிலேயே அந்த எஞ்சினை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டுவோம், அவர் காதால் கேட்டுக் கேட்டு வைத்த சத்தத்தை நீங்களும் ஒருமுறை கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அது நடக்கப்போவதில்லை. "எங்கே எஞ்சின்?" என்று அண்ணியிடம் யாரும் கேட்டுவிட வேண்டாம் என்பதற்காகவே, தங்கை நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஜலகண்டாபுரத்தில், தறிச் சத்தம் ஓயாத நெசவு வீட்டில். சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். அம்மாவும் நானும் அண்ணன் கையில். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் காயில் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார். குமாரபாளையத்தில் சிறிய கடை போட்டார். அங்கேதான் அண்ணியைக் கைப்பிடித்தார். என்னைப் படிக்கவைத்து அஸ்தம்பட்டியில் கட்டிக்கொடுத்ததும் அவரே. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் கடையைச் சாத்திவிட்டு மதியம் வந்து தன் கையால் ஊட்டிவிட்டுப் போவார். தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

ஒன்றைத் தவிர. கல்லூரியில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் குழுவில் இருந்தாராம். கல்லூரியை விட்டாரே ஒழிய விமானத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே தரிசு நிலத்துக்குக் கிளம்பிவிடுவார். "எல்லா ஊட்டுலயும் ஞாயித்துக்கெழம ஆம்பளைங்க கறி எடுக்கப் போறாங்க. இந்த மனுசன் ஏரோப்பிளேன் உடப் போறாரு" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஒரு பலகையில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது அண்ணன் வழக்கம். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். அதன் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருப்பதால் வெள்ளைப் புகை வந்து, சமையலறை வரைக்கும் கருகிய விளக்கெண்ணெய் வாடை அடிக்கும்.

அந்த எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. அதன் முனை ஊசி போல இருக்கும். உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், வெளியே திருகினால் கூடும். கூடினால் எஞ்சின் புகை கக்கி இருமும். குறைந்தால் சத்தம் கீச்சென்று ஏறும், சூடாகும், ஆகாயத்தில் இருக்கும்போதே நின்றுவிடும். அண்ணன், எஞ்சின் முன்னால் சுழலும் விசிறிக்குப் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டு விரலால் அந்த ஊசியைத் திருகுவார். பிறகு விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். அப்போதும் சத்தம் சோர்ந்துபோகாமல் இருந்தால்தான் திருப்தி.

"எத்தன சுத்துங்ண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுத்துல என்ன சாமி இருக்குது? உச்சத்தத் தொட்டுட்டு ஒரு துளி பின்னால வந்துரோணும். உச்சத்துலயே உட்டா எந்த எஞ்சினும் தாங்காது."

ஒரு துளி என்றால் எவ்வளவு என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது என்றே நினைக்கிறேன். அது அவர் காதில் இருந்தது.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய ஞாயிறும் தரிசுக்குப் போனார். உடன் பறக்கவிடும் நண்பர் கோபால், திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், அன்றைக்கு எஞ்சின் அவ்வளவு நன்றாக ஓடியது என்று இன்றும் சொல்வார். விமானம் இறங்கியதும் அண்ணன் அவரிடம், "ஊசியத் தொட வேண்டாங்க கோபாலு. வந்து இப்படியே எடுத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்ததெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேரன் பேத்திகள் படம் வரைந்து அனுப்பினார்கள். அண்ணி வேண்டாத தெய்வம் இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன், டிரிப்ஸ் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஊரில் எத்தனையோ பேரின் மோட்டாரைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்து கொடுத்த மனிதருக்கு, அவர் உடம்பில் திருக ஒரு திருகு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கடைசிக்கு முந்தைய நாள் காலையில் திடீரென்று எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். குரல் தெளிவாக இருந்தது. போண்டா வேண்டும் என்றார். என் தலைச்சாயத்தைப் பார்த்து, "இதென்ன சாமி, தார் ரோடு போட்டாப்பல" என்று கிண்டல் செய்தார். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"எஞ்சின் சத்தம் நல்லா ஏறுதில்ல சாமி?" என்றார் என்னைப் பார்த்துச் சிரித்து.

"ஏறுதுங்ண்ணா! இன்னும் ஏறும் பாருங்க!" என்றேன்.

வராந்தாவுக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் போன் செய்தேன். "தேறிட்டாருங்க, தேறிட்டாருங்க" என்று நான் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அண்ணன் எஞ்சின் ஏறுகிறது என்று சொன்னதைக் கோபாலிடமும் சொன்னேன். அவர் மட்டும், "சரிங்க்கா. இப்பவே வாரேன்" என்று வைத்துவிட்டார். மதியமே வந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்து வெயில் ஏறும் முன் அண்ணன் போய்விட்டார்.

அதன்பிறகு அந்த எஞ்சினை யாரும் தொடவில்லை. அவர் விரல் கடைசியாக நின்ற இடம் அந்த ஊசி. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தோம். ஓராண்டு நிறைவன்று எரிபொருளை மட்டும் ஊற்றி ஓட்டினால் போதும், அதே சத்தம் வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணன் இல்லாத கடைக்கு அண்ணிதான் பூஜை போட்டார். சுத்தியல், ஸ்பேனர், கம்பி சுற்றும் மிசின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார். அண்ணன் ஆசையாக வைத்திருந்த பொருள் அலமாரியில் கிடக்கலாமா என்று எஞ்சினையும் எடுத்துவந்து துடைத்தார். ஊசி கொஞ்சம் திறந்திருப்பதாகப் பட்டிருக்கிறது. அண்ணி, சமையல் முடிந்ததும் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, மூடினோமா என்று திரும்பவும் போய்ப் பார்ப்பவர். பத்திரமாக இருக்கட்டும் என்று ஊசியை இறுக்க மூடிவிட்டு, அதன் தலையில் ஒரு பொட்டும் வைத்துவிட்டார்.

இது எங்களுக்குத் தெரிந்தது போன ஞாயிற்றுக்கிழமை. ஓராண்டு நிறைவுக்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று கோபால் வந்திருந்தார். ஊசியைத் தொட்டுப் பார்த்தவர் முகம் மாறியது. "யாருங்க இத மூடுனது?"

"நாந்தானுங்க. ஏனுங்க, மூடக் கூடாதுங்களா?" என்று அண்ணி கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். யார் மேல் கோபப்படுவது? புருசனின் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தவர் மேலா? கோபால்தான் சமாளித்தார். "அட, அதனால என்னங்க. வெயிலு மாறுனா, காத்துல ஈரம் மாறுனா அளவும் மாறிப்போகும். நீங்க தொடாம இருந்திருந்தாலும் இன்னிக்கு நான் திருகித்தான் ஆவோணும்." அது உண்மையும்கூட. ஆனால் அண்ணி முகம் தெளியவில்லை.

வாசலில் பலகையில் பூட்டினார் கோபால். எரிபொருள் ஊற்றி, பிளக்குக்குப் பேட்டரி கொடுத்து, விசிறியைச் சுண்டினார். பிடித்தது. பின்பக்கம் உட்கார்ந்து ஊசியைத் திருகிக்கொண்டே, அண்ணியைப் பார்த்து, "இதுங்களா?" என்று கத்தினார். அண்ணி இல்லையென்று தலையாட்டினார். "இது?" இல்லை. சமையலறையிலிருந்து இத்தனை காலம் திட்டிக்கொண்டே கேட்ட சத்தம். இன்னும் கொஞ்சம் திருகினார். அண்ணி தலையாட்டவில்லை. முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கோபால் ஊசியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதே சத்தம்தானா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விளக்கெண்ணெய் வாடை வீட்டுக்குள் போனது. எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடியது. சற்று நேரத்தில் யாரும் தொடாமலே சத்தம் கணீரென்று ஏறத் தொடங்கியது. நான் கைதட்டாத குறையாக, "நல்லா ஏறுதுங்களே கோபாலு!" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "டேங்க் தீருதுங்க்கா. தீரப்போகும்போது இப்படித்தான் ஏறும்."

ஏறியது. நின்றது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துச் சிரித்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் ஏறும் பாருங்க என்று சொல்லியிருக்கிறேன், பாவி. கோபால் மறுபடியும் எரிபொருள் ஊற்றப் போனார். அண்ணி தடுத்துவிட்டார். "வேண்டாம் சாமி. இன்னொருக்கா அது நிக்கிறதக் கேக்க என்னால ஆவாது." அதனால்தான் இன்றைக்கு எஞ்சின் ஓடாது.

அண்ணன் படுத்திருந்தபோது இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், மாற்றி மாற்றிக் கூட இருந்த பக்கத்து வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எட்டுத் திக்கிலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும், விஷயம் தெரிந்தும் அன்று போனில் என் சந்தோஷத்தைக் கெடுக்காமல் வைத்த தம்பி கோபாலுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வந்தவர்கள் இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும்.

எஞ்சின் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில், பூ வைத்து, துடைத்து வைத்திருக்கிறது. பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். ஊசியை மட்டும் யாரும் திருக வேண்டாம். அது திறந்தபடிதான் இருக்கும். இந்த முறை அண்ணி அதை மூடவில்லை.