மங்களம் வீட்டு வகுப்பு

மங்களம் அக்கா தன் பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர். அதைப் பாராட்டினால் அவருக்குப் பிடிக்காது. பல ஊர் சுற்றிவிட்டு 1984இல் நான் ஈப்போவுக்குத் திரும்பி, அவர் பக்கத்து வீட்டில் குடியிருந்தபோது, விவரம் தெரியாமல் பாராட்டிவிட்டேன்.

ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தார். "நான் பண்ணுன காரியம் தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டே தங்கச்சி."

அவர்கள் முன்பு லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியதும் வாத்தியார் போய்விட்டார், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அடுத்த பள்ளிக்குப் போக வண்டி கிடையாது. மங்களம் ஆறாம் வகுப்பு படித்தவர். காலையில் ரப்பர் பால் வெட்டி, ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, மதியத்துக்கு மேல் மகன் சீனியையும் மகள் முத்தம்மாவையும் உட்கார வைப்பார். சிலேட்டு ஒன்றுதான், அதனால் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் எழுதுவார்கள். கணவர் பத்துமலை சோற்றுத் தட்டோடு நின்று, "எங்கலா உக்கார்றது? வாய்ப்பாட்டு மேலயா, திருக்குறள் மேலயா?" என்பார்.

பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். அதுதான் வினையானது. ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில், எடையைக் குறைத்தே எழுதும் கிராணி வாயைத் திறப்பதற்குள் சீனி தராசு முள்ளைப் பார்த்து எடையை உரக்கப் படித்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் கிராணி பத்துமலைக்குப் பால் வெட்ட மேட்டுக்காட்டை ஒதுக்கினார். வழுக்கும் சரிவு, வற்றிய மரங்கள்.

அன்று மாலையே மங்களம் புதுப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். கணவரின் ஒரே நீளக் கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நீளக் கால்சட்டை போடும் கிராணியைப் போல் நடந்து வந்து, "டேய், உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்பார். பிள்ளைகள் தலையைக் குனிந்து, "தெரியாதுங்க ஐயா" என்று சொல்ல வேண்டும். யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர்களுக்குக் குட்டு.

"எல்லாப் பாடத்தையும் விட அதத்தான் புள்ளைங்க ஆசையாப் படிச்சிச்சிங்க" என்றார்.

1976இல் பத்துமலைக்கு ஈப்போவில் லாரிக் கிளீனர் வேலை கிடைத்தது. மங்களம் பிள்ளைகளை அங்கிருந்த தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப் போனார். சீனிக்குப் பதினொரு வயது, முத்தம்மாவுக்கு எட்டு. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க, தலைமையாசிரியர் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். அவர் நீளக் கால்சட்டை போட்டிருந்தார்.

"வாசிப்பா."

"தெரியாதுங்க ஐயா" என்றான் சீனி. முத்தம்மாவும் அதையே சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் மங்களத்திடம் திரும்பினார். "என்னம்மா, வீட்டுல ஒண்ணுமே சொல்லித் தரலியா?"

"தெரியாதுங்க ஐயா." மங்களத்தின் வாயிலும் அதுதான் வந்தது.

இருவரையும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். சீனியின் முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை. சின்னப் பிள்ளைகள் அவனை "தாத்தா" என்று கூப்பிட்டன. பத்துமலை விஷயம் கேட்டு, "நம்மளோட கிராணியும் லாரி ஏறி வந்துட்டானா?" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தச் சொல் மங்களத்தைத் தூங்க விடவில்லை. மறுவாரம் தனியாகப் போய்த் தலைமையாசிரியர் முன் நின்றார். "அப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்குனது நாந்தாங்க. புள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும்."

பிள்ளைகளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சீனி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "படிடா" என்றார். அவன் மூச்சு விடாமல் ஒரு பக்கம் வாசித்தான். அன்றே நான்காம் வகுப்புக்குப் போனான். இன்று தெலுக் இந்தானில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான்.

முத்தம்மா வாய் திறக்கவில்லை. அம்மா சொல்லியும், கெஞ்சியும் பார்த்தார். அவள் தரையையே பார்த்து நின்றாள். அவளை ஒன்றாம் வகுப்பிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. பிறகு வந்த ஆசிரியர்களும் எதுவும் தெரியாத பிள்ளை என்றே அவளை எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் அங்கே இருந்தபோது கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"ஒரு நாள் கேட்டுட்டேன். ஒனக்கு எம்மேல கோவமில்லையா தாயின்னு" என்றார் மங்களம் அக்கா.

"என்ன சொன்னா?"

"இல்லம்மான்னா. தலையக் குனிஞ்சுக்கிட்டே." கீரையை மறுபடி எடுத்தார், ஆனால் ஆயவில்லை. "ரெண்டு வார்த்த திட்டியிருந்தா தேவலலா. அவ நெஜமாவே சொல்றாளா, எனக்காகச் சொல்றாளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, சொல்லு."