மாமியின் கூந்தலும் மேட்டு வீட்டுத் தண்ணீரும்

தலவாக்கலையில் ஒரு பாமசியில் நான் வேலை செய்கிறேன். முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களுக்கு எண்ணெய், ஷாம்பு, மாத்திரை என்று எடுத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அப்படிப்பட்ட என் வீட்டிலேயே மாமியாருக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் பழி யார் மேல் விழும்? நான் வாங்கி வந்த ஷாம்பு போலி என்று மாமி முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயது தாண்டியும் இடுப்புக்குக் கீழே தொங்கும். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு இத்தனை வருடமாகத் தலையில் அழுத்தியும் உச்சியில் ஒரு இடம் மெலியவில்லை. காதிலும் கழுத்திலும் பெரிதாக ஒன்றும் போட்டுக்கொள்ளாத மாமிக்கு அதுதான் நகை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் பின்னலைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, வளரும்" என்று சொன்னவர் அவர். எனக்குக் கோபம் வந்தாலும் அந்தக் கூந்தலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

லிந்துலைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில், அடுத்தடுத்து ஒட்டிய அறைகளான லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். முதல் தொகுதியில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. தனிச் சுவர், தனி வாசல், வீட்டுக்குள்ளேயே குளியலறை. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நமக்குக் கேட்காது. பால் காய்ச்சிய அன்று மாமி குளியலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

லயத்தில் திறந்து மூடுகிற குழாய் கிடையாது. மேலே ஓடையிலிருந்து குழாயில் இழுத்துவிட்ட பீலிதான். ஆள் உயரத்துக்கு மேலிருந்து தண்ணீர் ராத்திரி பகலாகக் கொட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். மாமியும், எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த சித்தியும் சேர்ந்துதான் தலை குளிப்பார்கள். சித்தி என்றால் சொந்தமில்லை, நான் கூப்பிடும் முறை அது. இருவரும் ஒரே வருடம் அந்த லயத்துக்குக் கல்யாணமாகி வந்தவர்கள். மாமிக்குச் சித்தி தேய்த்துவிடுவார், சித்திக்கு மாமி தேய்த்துவிடுவார். தலையில் நுரையோடு ஊர்க்கதை பூராவும் பேசி முடிப்பார்கள்.

சித்தி வீட்டுப் பெயர் முதல் தொகுதியில் வரவில்லை. அடுத்ததில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் சாமான் ஏற்றிய அன்று, பீலியடியில் நாலு பேர் நிற்கும்போது, மாமி சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டார்.

"இனிமே யாரு இந்தக் குளிருல வந்து இங்க நிக்கிறது? வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துருச்சுல்ல."

சித்தி துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆமாங்கக்கா, இனிமே நீங்க இங்க வரவே வேணாம்."

அவ்வளவுதான். சத்தமில்லை, சண்டையில்லை. ஆனால் அன்றோடு பேச்சு நின்றது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுப்பார்கள், செடியைப் பார்த்தே எடுப்பார்கள். நடுவில் நிற்பவர்கள் பாடுதான் திண்டாட்டம் என்று கேள்விப்பட்டேன்.

மேட்டு வீட்டுத் தண்ணீர் ஓடைத் தண்ணீர் இல்லை. ஓடை அவ்வளவு உயரத்துக்கு ஏறாது என்று குழாய்க் கிணறு தோண்டியிருந்தார்கள். பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஷாம்பு போட்டால்தான் அதன் குணம் தெரியும், நுரையே வராது. நுரை வரவில்லை என்று மாமி இன்னொரு சின்ன ஷாம்பு பக்கெட்டை வெட்டிப் போடுவார், அப்புறம் இன்னொன்று. பிறகு இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குளித்தாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். அவரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. பிறந்ததிலிருந்து பீலிக்குக் கீழே தலையைக் கொடுத்தவர். அங்கே அலசுகிற வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். வாளியில் மொண்டு அலசுவது என்று தனியாக ஒரு வேலை இருப்பதே எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு மாதத்தில் மாமியின் கூந்தல் தும்புக் கட்டாகிவிட்டது. சீப்பு பாதியில் நின்றுவிடும். வாசல், மெத்தை, சோற்றுத்தட்டு என்று எங்கே பார்த்தாலும் நீள முடி. என் தலையும் ஒட்டடைக் கம்பாகத்தான் இருந்தது, ஆனால் என் தலையை யார் கேட்டார்கள்? தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்குள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

பாமசியில் என்னோடு வேலை செய்யும் சிங்கள நங்கி, தங்கச்சி முறை, அனுராதபுரப் பக்கம் பிறந்தவள். அவளிடம் பொருக்கைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"அக்கா, அது கிவுல் வத்துர. எங்க ஊர் பூரா அந்தத் தண்ணிதானே. நாங்க எல்லாம் மொட்டையா இருக்கோமா?"

சுண்ணாம்புச் சத்து கூடின தண்ணீரைத்தான் அவர்கள் கிவுல் வத்துர என்கிறார்கள். அவள் முடி பட்டு மாதிரி இருக்கும், அதனால் சொன்னதைக் கேட்டேன். குளிப்பதற்கு முந்தித் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், அப்போது அந்தச் சுண்ணாம்பு முடியில் சட்டென்று ஒட்டாது. ஷாம்புவைத் தலையில் நேராகக் கொட்டாமல் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சமாக, மண்டைத் தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். பொறுமையாக அலச வேண்டும். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரில் புளிப்புக்குப் பாதித் தேசிக்காயைப் பிழிந்து ஊற்ற வேண்டும். கொதிக்க வைத்து ஆறித் தெளிந்த தண்ணீர் இருந்தால் நல்லது. மழைத்தண்ணீர் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம்.

"மழை எங்க ஊர்லதான் இல்ல. உங்க ஊர்ல ஆகாசம் ஓட்டைதானே" என்றாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. இவ்வளவு மழையில் நனைந்துகொண்டு நாங்கள் ஒரு நாளாவது அதைப் பிடித்து வைத்திருப்போமா? கணவரிடம் சொல்லிக் கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரு நீலப் பீப்பாய் வைத்தேன். இரண்டு மூன்று குளிப்பிலேயே என் முடி பழையபடி வழுக்கிக்கொண்டு வந்தது. மாமிக்கு அதைக் காட்டுவதற்காகவே அவர் முன்னால் நின்று தலை வாரினேன்.

மாமி மசியவில்லை. தேசிக்காய் போட்டால் நரைக்கும் என்றார். கூரைத் தண்ணீரில் காக்கா எச்சம் இருக்கும் என்றார். நான் தேய்த்துவிடுகிறேன் என்று போனால், "ஒன் கைக்கு அழுத்தம் பத்தாது" என்று எழுப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கொட்டினால் கொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து வந்தவர் கூடையை இறக்கினார். தலையில் கட்டியிருந்த துணியோடு ஒரு கற்றை முடி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம டவுனுக்குக் கூட்டிட்டுப் போ. கழுத்தளவுக்கு வெட்டிப்புடலாம்" என்றார்.

"என்ன மாமி பேசுறீங்க?"

"புடிச்சுத் தேய்க்க ஆளு இல்லாத முடிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தண்ணீருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமிக்கு வலித்தது வேறு இடத்தில்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மேட்டுக்கு ஏறாமல் லயத்துக்குப் போனேன். சித்தி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"சித்தி, மாமி நாளைக்கு முடிய வெட்டப் போறாங்க."

"வெட்டட்டும். அவங்க முடி, அவங்க வீடு, அவங்க தண்ணி" என்றார் சித்தி. கத்தி ஒரே இடத்தில் மூன்று தடவை விழுந்தது, விறகு பிளக்கவில்லை. நான் மேட்டுக்கு ஏறினேன்.

ஞாயிறு காலையில் மாமி வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் வேண்டுமென்றே தேத்தண்ணியை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சித்தி மேடேறி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு கேன். மூச்சு வாங்கியது. அந்த வீட்டு வாசலை அவர் மிதித்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டைச் சுற்றிக் கூடப் பார்க்கவில்லை.

"குனிங்க" என்றார் மாமியிடம்.

மாமி பின்வாசல் கல்லில் போய்க் குந்தினார். சித்தி பீலித் தண்ணீரை ஊற்றி, இடுப்பிலிருந்து நாலு ஷாம்பு பக்கெட்டை எடுத்து நாலையும் வெட்டிப் போட்டுத் தேய்த்தார். அந்தத் தேய்ப்பைப் பார்த்து என் தலை வலித்தது. நுரை என்றால் நுரை, மாமியின் முகமே தெரியவில்லை. கல்லில் வழிந்து, வாசலில் வழிந்து, கோழி பயந்து ஓடியது.

இரண்டாவது கேனும் தீர்ந்தது. நுரை பாதி கூடப் போகவில்லை.

"தண்ணி முடிஞ்சிருச்சு" என்றார் சித்தி.

கைக்கெட்டும் தூரத்தில் நீலப் பீப்பாய் நிறைய மழைத்தண்ணீர் இருந்தது. சித்திக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. மாமிக்கும் தெரியும். நுரைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து பீப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப கீழதான் போகணும்" என்றார் மாமி.

நுரைத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, வெளுத்த சேலையோடு, சித்தியின் தோளைப் பிடித்தபடி மாமி மேட்டை விட்டு இறங்கினார். காலி கேன்களைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். லயம் முழுக்க இஸ்தோப்புக்கு வந்து வேடிக்கை பார்த்தது. "என்னா பெரியம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வரலியா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது மாமிதான்.

பீலியடியில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். சித்தி மாமியின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே அமுக்கினார். மாமி அந்த இரைச்சலுக்குள்ளே இருந்துகொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். ரொம்ப நேரம் சொன்னார். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு சொல் விளங்கவில்லை. சித்திக்கு மட்டும் விளங்கியிருக்க வேண்டும், அவர் கண்ணும் நனைந்திருந்தது.

"வாய மூடுங்கக்கா, தண்ணி உள்ள போயிரும்" என்று சொல்லிவிட்டு, அந்த நீள முடியைக் கையில் சுற்றிப் பிடித்து அலசத் தொடங்கினார்.