ஓகஸ்ட் மாதத்து நாலு பெட்டிகள்

1. ரோல்ஸும் மேப்பும்

எண்பதுகளில் ஓக்லண்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கிச்சினில் வேலை செய்தேன். என் பகுதி ட்ரே செட்டிங். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பன், பட்டர், சலாட், கரண்டி எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த பெல்ட்டில் என் கைக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. நப்கின் மடித்தால் ஒரு மூலை மட்டும் கிளியின் மூக்குப்போல வெளியே நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் எங்கள் சூப்பர்வைசர் லோசா வேலை பழக்குவாள். ஆனால் அந்த மூக்கு வேறு எவருக்கும் வராது.

காலையில் தேநீருக்கு விடுவதை ஸ்மோக்கோ என்பார்கள். நான் வீட்டில் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டுபோகும் நாளில் எல்லாரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். பிலோமினா மேப் கொண்டுவந்த நாளிலிருந்து அது நின்றுபோனது.

பிலோமினா ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண். கலியாணம் கட்டாதவள். என்னைவிட ஐந்து வருடம் பின்னால் வேலைக்கு வந்தவள். இத்தாலியில் நேப்பிள்ஸ் என்று ஒரு கடற்கரைப் பட்டணமாம், அங்கே போகப் போகிறாளாம்.

“ஹோட்டல்ல யாரு தங்குறா? கன்னியாஸ்திரி மடத்துல ரூம் குடுக்குறாங்க. ஃபாதர் லெட்டர் எழுதிக் குடுத்தாரு. காலையில ரொட்டியும் காப்பியும் அவங்களே தந்துருவாங்க. மத்தியானம் ரோட்டுல பீட்சா. பஸ்சுக்குப் பதிலா நடை. அவ்வளவுதான் லா!”

“தனியப் போறியே, பிள்ளை?” என்றேன்.

“கடலு இருக்குல்ல, அக்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். என் ரோல்ஸ் ஆறிக் கிடந்தது. நான் அடுக்கிய ட்ரே எந்தெந்த நாட்டுக்கோ பறந்திருக்கிறது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த என் வீட்டுக்கும் கிச்சினுக்கும் இடையில்தான் ஓடியிருக்கிறேன். நேப்பிள்ஸுக்குப் போகும் ஆசை எனக்குக் கிடையாது. அவள் போவதுதான் பொறுக்கவில்லை.

2. லீவு சார்ட்

லஞ்ச் ரூம் சுவரில் லீவு சார்ட் தொங்கும். ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு, ஒரு பெட்டி. ட்ரே பகுதியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் லீவில் நிற்கலாம். இரண்டு பேர் ஒரே கிழமையைக் கேட்டால், சீனியருக்குத்தான்.

பிலோமினாவுக்கு ஓகஸ்ட் வேண்டும் என்று கிச்சின் முழுக்கத் தெரியும். அங்கே அப்போது கோடை. மடத்துக் கடிதம் வரட்டும், பிறகு எழுதுவோம் என்று காத்திருந்தாள். நான் காத்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் என் பெயரை எழுத எனக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கீற வேண்டும். அன்று ஓகஸ்ட் மாதத்து நாலு பெட்டியிலும் பேனையால் எழுதிவிட்டுத்தான் கையை எடுத்தேன். பெரிய கோலம் போட்டவள்போல எட்டி நின்று பார்த்தேன் என்றால் பாருங்கள்.

மறுவாரம் கடிதம் வந்தது. சார்ட்டுக்கு ஓடியவள் அப்படியே நின்றாள்.

“அக்கா, ஓகஸ்ட்ல நீங்க எங்க போறீங்க?”

“ஏன், எனக்கு அலுவல் இருக்காதே?”

“என்ன அலுவல், அக்கா? வேற மாசம் மாத்திக்க முடியாதா?”

“அதெல்லாம் உனக்குச் சொல்லவேணுமே? நான் சீனியர்.”

அவள் கண் கலங்கியது. நான் நப்கின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன். லோசா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

3. என் விடுமுறை

ஓகஸ்டில் ஓக்லண்டுக்குக் குளிர்காலம், அந்த மழை உங்களுக்குத் தெரியும். முதல் கிழமை கர்ட்டன் எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தேன். காயவில்லை. கதிரைகளின் மேல் போட்டேன். இரண்டாம் கிழமை இருக்க இடமில்லை. மூன்றாம் கிழமை என் மனிசன் கேட்டார்: “அப்ப எப்ப வேலைக்குப் போறாய்?” நாலாம் கிழமை லோசாவுக்குப் போன் எடுத்து, கர்ட்டன் காயாத கதையைச் சொல்லி, முன்னுக்கே வரலாமா என்று கேட்டேன். லீவு என்றால் லீவுதான் என்று சொல்லிவிட்டாள்.

4. ஒக்டோபர்

பிலோமினா ஒக்டோபரில் போனாள். கறுத்து, களைத்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஸ்மோக்கோவில் மேசையைத் தட்டிச் சொன்னாள்.

“ஓகஸ்ட்ல போயிருந்தா நான் செத்தேன்! சீசன் முடிஞ்சதும் டிக்கெட் வெல எறங்கிருச்சு. மடத்துல ஆளே இல்ல, கடல் பாத்த ரூமே குடுத்துட்டாங்க. மிச்சக் காசுல போட் ஏறித் தீவுக்கும் போயிட்டு வந்தேன். எல்லாம் ராசம்மாக்காவால.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “தெரிஞ்சுதான் செய்தனான்” என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது.

பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு நப்கினை எடுத்து வைத்தாள். கிளிமூக்கு மூலை வெளியே நின்றது.

“போற ப்ளேன்ல என் ட்ரேயில இருந்துச்சு. பிரிக்க மனசு வரல. நேப்பிள்ஸ் முழுக்க என்கூடத்தான் சுத்துச்சு.” குரலைத் தணித்தாள். “கர்ட்டன் காஞ்சுருச்சா, அக்கா?”

இரண்டு ரோல்ஸை அவள் தட்டில் வைத்தேன்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். லீவுப் பெட்டியில் பெயர் எழுதும் முன், எங்கே போகப் போகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் பேனையை வையுங்கள். நான் செய்த கெடுதலில் அவள் தீவு பார்த்தாள். என் கை மடித்த நப்கினும் பார்த்தது. நான் பார்க்கவில்லை.