பக்கத்து சீட்டில் அழுத பிள்ளை

அடுத்த கிழமை கட்டாருக்குப் போகிறேன். ஏழு மாத மகள் விமானத்தில் அழுதால் என்ன செய்வது என்று நேற்று இந்தக் குழுவில் கேட்டிருந்தேனே. தூக்க மருந்து கொடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

இன்று கற்பிட்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கண்டக்குழி ஊர்ப் பெண்ணிடமும் அதையே கேட்டேன். சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர்.

"ப்ளேன் எறங்கக்குள்ள பால் குடுங்க. காது அடைக்காது."

பிறகு தானாகவே சொன்னார்.

"நான் மொதல் போகக்குள்ள பக்கத்து சீட்டுப் புள்ள ஒரே அழுக. தாய்க்குப் பால் இல்ல, போத்தல லக்கேஜில போட்டுட்டாவாம். எண்ட மகன நான் பால்குடியில உட்டுட்டுப் போறன். அழுக கேட்டுப் பால் சொரந்து எண்ட சட்டையெல்லாம் நனஞ்சிட்டு. புள்ளய வாங்கிப் பால் குடுத்தன்."

"அப்ப மார்க்கத்துப்படி, ஒரே தாய்ட பால் குடிச்ச அந்தப் புள்ள உங்கட மகனுக்குப் பால் சகோதரமாகிட்டே?"

"ஒருக்காக் குடுத்தா அப்பிடி ஆகாதாம். மவ்லவி சொன்னாரு."

"மகன் இப்ப?"

"வளந்துட்டான். வளத்தது எண்ட கூடப் பொறந்த ராத்தா. அவவத்தான் உம்மா எங்கிறான். பெத்த என்னய, சின்னம்மாவக் கூப்பிடுற மாதிரி, சாச்சி எண்டு கூப்பிடுறான்."

புத்தளத்தில் அவர் இறங்கிப் போனார்.

பிள்ளை அழுதால் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார் என்று எல்லோரும் எச்சரித்தீர்கள். அந்த சீட்டில் இப்படியும் ஒருத்தி இருப்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லையே.